கணினிக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்



அன்பின் சகோதரிகளே! ஓதிக் கொடுக்கும் மௌலவிக்குக் கம்பியூட்டர் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இன்று ஒரு குடும்பத்தின் பணமும், பிள்ளையின் படிப்பும், வீட்டின் அந்தரங்கமும் விரல் நுனியளவு கருவி ஒன்றில் வந்து சிக்கிக்கொள்கின்றன. அதை அறிந்துகொண்டு பேசாமல் இருப்பதும் சரியல்ல. ஆகவே இம்மாதம் அதைப்பற்றியே உங்களோடு பேச விரும்புகின்றேன்.

எங்கள் அரநாயக்கப் பகுதியை அறிந்தவர்களுக்கு இங்குள்ள வீடுகளின் அமைப்புத் தெரியும். ஒரு வீடு மேட்டில் இருக்கும், அடுத்தது பள்ளத்தில் இருக்கும். இடையில் இறப்பர் மரங்கள், தேயிலைச் செடிகள், கித்துள், பலா. தொலைபேசிக் கம்பி எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. சிம் போட்ட 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, கோபுரம் தெரியும் பக்கத்து ஜன்னலில் வைப்பதே பலரது வழக்கம். பழைய மேசைக் கணினியோ உள்ளறையில் இருக்கும். ஜன்னலுக்கும் உள்ளறைக்கும் கம்பி இழுக்க முடியாதவர்கள், வைஃபை அலையைப் பிடித்துத் தரும் சிறிய யூ.எஸ்.பி. அடப்டர் ஒன்றைக் கணினியில் செருகி விடுகிறார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்தச் சின்னக் கருவியின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பாடம் கேட்டார்கள். இன்றும் உயர்தர மாணவர்களின் மேலதிக வகுப்புகள் பல சூம் வழியாகவே நடக்கின்றன. வெளிநாட்டில் உழைக்கும் கணவன்மார் பிள்ளைகளின் முகம் பார்ப்பதும் இதே அலையில்தான். 2016 மே 17ஆம் திகதி சமசர மலை சரிந்து கிராமங்களை மூடிய பின்னர், மழை கனத்தால் உடனே செய்தி பார்ப்பது எங்கள் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. தொடுப்பு அறுந்தால் வீடு தவித்துப் போகிறது.

ட்ரைவர் என்றால் யார்?

ட்ரைவர் என்றதும் நமக்கு மாவனல்லை பஸ்ஸின் சாரதிதான் நினைவுக்கு வருவார். கணினியில் ட்ரைவர் என்பது வேறு. அது ஒரு மென்பொருள். அதன் வேலையை நான் மாணவர்களுக்கு ஒரே சொல்லில் விளக்குவதுண்டு: மொழிபெயர்ப்பாளர்.

கணினியை இயக்கும் விண்டோஸ் ஒரு மொழி பேசுகிறது. நீங்கள் செருகும் அடப்டர் வேறொரு மொழி பேசுகிறது. இருவருக்கும் நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் காரியம் நடக்கும். அவர் இல்லையென்றால், அடப்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், விண்டோஸ் எவ்வளவு புதியதாக இருந்தாலும் இருவரும் முகம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். யாருக்கும் நோயில்லை. பேச்சுத்தான் இல்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தபோது, யூதர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் மற்றவர்களை நம்பியிருக்க விரும்பவில்லை. இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களை அழைத்து யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அரை மாதம் கழியுமுன்பே தாம் அதைக் கற்றுத் தேர்ந்ததாக ஸைத் (ரழி) அவர்கள் கூறிய செய்தி திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. மொழிபெயர்ப்பவர் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பிறர் கையை எதிர்பார்த்திராமல், நம்மவரே முயன்றால் குறுகிய நாளில் கற்றுக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. இன்று நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த இரண்டு பாடங்களுக்குள் அடங்கிவிடும்.

ஒரு வீட்டில் நடந்தது

எங்கள் ஊரில் ஒரு சகோதரி. கணவர் கட்டாரில் இருக்கிறார். மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வீட்டில் இருந்த மேசைக் கணினி மெதுவாகிவிட்டது என்று உறவுக்காரப் பையன் ஒருவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து வைஃபை இல்லை. ஒரு கடையில் கேட்டதற்கு அடப்டர் எரிந்துவிட்டது என்றார்கள். இன்னொரு கடையில் கணினியே பழசு, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள்.

அந்தச் சகோதரி தன் தந்தையாரின் தொலைபேசியிலிருந்து எனக்குக் கதைத்தார். "மௌலவி, கடையில புதுசு எடுங்க எண்டு சொல்றாங்க. மகளுக்குச் சோதினை கிட்டி வருது. இந்த மாசம் அவரு அனுப்பின காசு வீட்டுக் கூரைக்கு. இல்லாட்டி பெட்டியக் கடையில வச்சிட்டுப் போங்க எண்டாங்க. அதுக்குள்ள எங்கட குடும்பப் போட்டோ எல்லாம் கிடக்கு. எனக்கு மனசு வருதில்ல."

அவருடைய கடைசி வார்த்தைதான் என்னை உறுத்தியது. பணம் இன்று போனால் நாளை வரலாம். வீட்டுப் பெண்களின் படங்கள் நிறைந்த பெட்டியை முகமறியாத ஒருவர் கையில் பல நாட்கள் விட்டு வைப்பது அமானிதத்தோடு சம்பந்தப்பட்ட விடயம். கடைக்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் வீட்டிலேயே தீர்க்கக்கூடிய ஒன்றுக்கு அந்தக் கதவை ஏன் திறக்க வேண்டும்?

"மகளைக் கணினிக்கு முன்னால் இருக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் இருங்கள். தொலைபேசியைச் சத்தமாக வையுங்கள்" என்றேன். அஸருக்குப் பின் தொடங்கினோம். மஃரிபுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. மகள்தான் எல்லாவற்றையும் செய்தாள். நான் கேள்வி கேட்டேன், அவ்வளவே. அந்தக் கேள்விகளை உங்களுக்கும் வரிசையாகத் தருகிறேன்.

முதலில் பழி யாருடையது?

அந்த வீட்டு ரவுட்டரில் கைத்தொலைபேசிக்கு வைஃபை கிடைக்கிறதா? இதுவே முதல் கேள்வி. தொலைபேசிக்கும் கிடைக்கவில்லையென்றால் கணினியைத் தொடவே வேண்டாம். கோளாறு ரவுட்டரிலோ, சிம்மிலோ, முடிந்துபோன டேட்டாவிலோ இருக்கிறது. தொலைபேசியில் நன்றாக வருகிறது, கணினியில் மட்டும் இல்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். விசாரித்துத் தெளியாமல் எவர் மீதும் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. எரிந்துவிட்டது என்ற தீர்ப்புக்கு முன்னும் விசாரணை வேண்டும்.

இரண்டாவது, அடப்டரைக் கழற்றி வேறொரு துவாரத்தில் செருகிப் பாருங்கள். பெட்டியின் முன்பக்கத் துவாரங்கள் உள்ளே ஒரு சிறு கம்பி வழியாகத் தாய்ப்பலகைக்குப் போகின்றன. அந்தக் கம்பி தளர்ந்திருக்கலாம். பின்பக்கத் துவாரங்கள் தாய்ப்பலகையிலேயே இருப்பவை. ஆகவே பின்பக்கத்தில் செருகிப் பார்ப்பது நல்லது.

கணினியே வாய் திறந்து சொல்லும்

மூன்றாவது படிதான் முக்கியமானது. திரையின் கீழே இருக்கும் ஸ்டார்ட் பொத்தானில் மவுஸின் வலப்பக்கத்தை அழுத்துங்கள். வரும் பட்டியலில் டிவைஸ் மெனேஜர் என்று இருக்கும். அதைத் திறந்தால் கணினியோடு இணைந்த எல்லாக் கருவிகளின் பெயர்களும் தெரியும். அதில் நெட்வேர்க் அடப்டர்ஸ் என்ற பகுதியையும், அதர் டிவைசஸ் என்ற பகுதியையும் பாருங்கள். நான்கில் ஒரு நிலைமை இருக்கும்.

அடப்டரின் பெயர் எங்குமே இல்லை. கழற்றிச் செருகினாலும் பட்டியல் அசையவில்லை. வேறொரு கணினியில் செருகினாலும் அப்படியே என்றால், அடப்டர் உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம். அப்போதுதான் புதியது வாங்க வேண்டும். வாங்க வேண்டியதும் அடப்டரை மட்டுமே, முழுக் கணினியை அல்ல.

பெயர் இருக்கிறது, மேலே கீழ்நோக்கிய சிறு அம்பு தெரிகிறது. யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெயரின் மீது வலப்பக்கத்தை அழுத்தி இனேபிள் என்பதைத் தெரிவு செய்தால் போதும்.

பெயரின் மேல் மஞ்சள் நிற அடையாளம் இருக்கிறது. அந்தப் பெயரை இருமுறை அழுத்தினால் ஓர் இலக்கம் காட்டும். 28 என்றால் ட்ரைவர் போடப்படவில்லை. 10 என்றால் கருவி வேலையைத் தொடங்க முடியவில்லை. பெரும்பாலும் பொருந்தாத ட்ரைவர் காரணமாக இருக்கும். 43 என்றால் கருவியே தன்னில் கோளாறு என்று அறிவித்திருக்கிறது. ட்ரைவரை அகற்றி மீளப் போட்டுப் பாருங்கள், வேறு துவாரத்திலும் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் கருவியைச் சந்தேகிக்கலாம்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தொடுப்பு வருவதும் போவதுமாக இருக்கிறது. அதைப்பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

நமது சகோதரியின் வீட்டில் மஞ்சள் அடையாளம் இருந்தது. மகள் இலக்கத்தை வாசித்தாள்: 28. அடப்டர் எரியவுமில்லை, கணினி சாகவுமில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டபோது பழைய மொழிபெயர்ப்பாளர் வெளியே போய்விட்டார். அவர் இடத்துக்கு எவரையும் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இண்டர்நெட் இல்லாமல் ட்ரைவரை எடுப்பது எப்படி?

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. ட்ரைவரை எடுக்க இண்டர்நெட் வேண்டும். இண்டர்நெட் வர ட்ரைவர் வேண்டும். வாளி கிணற்றுக்குள் விழுந்துவிட்டது, அதை எடுக்கவும் வாளி வேண்டும் என்ற கதைதான். பலர் இந்த இடத்தில்தான் கடைக்கு ஓடுகிறார்கள்.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அன்ட்ரொயிட் தொலைபேசியைச் சார்ஜ் போடும் கம்பியால் கணினியோடு இணையுங்கள். அது தரவும் கடத்தும் கம்பியாக இருக்க வேண்டும். சில மலிவான கம்பிகள் சார்ஜ் மட்டுமே ஏற்றும். தொலைபேசியின் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் பகுதிக்குப் போய் யூ.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்குங்கள். தொலைபேசியின் இண்டர்நெட் கம்பி வழியாகக் கணினிக்கு வந்துவிடும். தொலைபேசி வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் அதையே கணினிக்கும் கொடுக்கும். சிம்மின் டேட்டா வீணாகாது.

அதன்பின் டிவைஸ் மெனேஜரில் மஞ்சள் அடையாளமுள்ள பெயரைத் தெரிவு செய்து ட்ரைவரைத் தேடச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய் விருப்பத்துக்குரிய புதுப்பிப்புகளைப் பாருங்கள். அந்த வீட்டில் இங்கேதான் கிடைத்தது. சில நிமிடங்களில் மஞ்சள் அடையாளம் மறைந்தது. கம்பியைக் கழற்றியபின் ரவுட்டரின் பெயர் திரையில் வந்தது. அந்தச் சகோதரி, "அல்ஹம்துலில்லாஹ்! இவ்வளவுதானா மௌலவி?" என்று கேட்ட குரலில் பாரம் இறங்கியது தெரிந்தது.

நம்பகமானவரைத் தேடுங்கள்

விண்டோஸ் அப்டேட்டிலும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது? தேடல் பெட்டியில் வைஃபை ட்ரைவர் என்று எழுதி, முதலில் வருவதை எடுத்துப் போடுவது ஆபத்து. உங்கள் கணினியில் எல்லா ட்ரைவரும் பழசு, ஒரே அழுத்தில் சரிசெய்கிறோம் என்று கூவும் மென்பொருள்கள் ஏராளம். அவற்றில் சில பணம் கேட்கும். சில விளம்பரங்களைக் கொட்டும். சில உளவு வேலையும் பார்க்கும். ட்ரைவர் என்பது விண்டோஸின் உள்வீடு வரை போய்வர அனுமதி பெற்ற ஒன்று. வாசலில் நிற்கும் வியாபாரியை நாம் உள்ளறைக்கு அழைப்பதில்லையே!

சரியான ட்ரைவரை அறிய ஓர் அடையாள அட்டை இருக்கிறது. டிவைஸ் மெனேஜரில் அந்தக் கருவியின் ப்ரொப்பர்ட்டீஸ் என்பதைத் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் ஹார்ட்வெயார் ஐடீஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அதில் வி.ஐ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் நான்கு குறியீடுகள் தயாரித்த நிறுவனத்தையும், பி.ஐ.டி. என்பதற்குப் பின் வருபவை எந்த மாதிரி என்பதையும் சொல்லும். உதாரணமாக, பூச்சியம், பி, டி, ஏ என்று இருந்தால் அது ரியல்டெக் நிறுவனத்தினுடையது. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஒரே பெயர், ஒரே தோற்றம், ஆனால் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று உள்ளே சில்லு மாறியிருக்கும். அடப்டரின் முதுகில் சிறிய எழுத்தில் பதிப்பு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள்.

புதிது எல்லாம் நல்லதல்ல, பழையது எல்லாம் பாதுகாப்பல்ல

நேற்று வரை நன்றாக இருந்தது, புதுப்பிப்பு வந்தபின் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். அது நடக்கக்கூடியதே. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11 புதுப்பிப்பு ஒன்றுக்குப் பின் சில வைஃபை கருவிகள் தொடுப்பை இழந்தன. பல்கலைக்கழகங்கள் போன்ற இடங்களில் இது அதிகம் தெரிந்தது. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அந்த மாற்றத்தை மீளப் பெற்றுச் சரிசெய்தது. இத்தகைய நேரத்தில், ப்ரொப்பர்ட்டீஸில் ட்ரைவர் பகுதிக்குப் போய் ரோல் பேக் என்பதை அழுத்தினால் முந்திய ட்ரைவர் திரும்பி வரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால், முந்தியது சேமிப்பில் இல்லை என்று பொருள்.

அதற்காகப் புதுப்பிப்பையே நிறுத்திவிடவும் கூடாது. 2024 ஜூனில் விண்டோஸின் வைஃபை ட்ரைவரில் இருந்த ஒரு பாரதூரமான குறையை மைக்ரோசொஃப்ட் அடைத்தது. அலை எட்டும் தூரத்தில் இருக்கும் ஒருவர், உங்கள் கடவுச்சொல் தெரியாமலே கணினிக்குள் புக இடம் தரக்கூடிய குறை அது. புதுப்பிக்காதவர் வீட்டில் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதையும் நினைவில் வையுங்கள். அதனால் கணினி நின்றுவிடாது. ஆனால் வங்கிக் கணக்கு போன்றவற்றை அதில் திறக்கும்போது அதிக கவனம் தேவை.

ட்ரைவர் மேல் பழி இல்லாத நேரங்கள்

தொடுப்பு வந்து வந்து போகிறதா? அடப்டரின் ப்ரொப்பர்ட்டீஸில் பவர் மெனேஜ்மென்ட் என்ற பகுதி இருந்தால், மின்சாரம் மிச்சம்பிடிக்கக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதிக் குறியை நீக்கிவிடுங்கள். வகுப்பின் நடுவில் தொடுப்பு அறுவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது.

அடப்டர் நீல நிறத் துவாரத்தில் இருக்கிறதா? அது யூ.எஸ்.பி. 3 வகை. அதில் தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹேட்ஸ் வைஃபை அலையைக் குழப்பக்கூடும் என்று இன்டெல் நிறுவனம் 2012இலேயே விளக்கியிருக்கிறது. கறுப்புத் துவாரத்துக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு நீட்டிப்புக் கம்பியில் சற்றுத் தள்ளி வையுங்கள்.

ரவுட்டரின் பெயரே தெரியவில்லையா? பழைய அடப்டர்கள் பல 2.4 கிகாஹேட்ஸ் அலையை மட்டுமே காணும். ரவுட்டர் 5 கிகாஹேட்ஸில் மட்டும் பேசினால் அவற்றுக்குக் கேட்காது. ரவுட்டரில் இரண்டையும் இயக்கி வைக்க வேண்டும்.

வைஃபை இருக்கிறது, ஆனால் எந்தத் தளமும் பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்துத் திறக்க மறுக்கிறதா? திரையின் மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடங்கள் பின்னால் காட்டினால், தாய்ப்பலகையிலுள்ள பொத்தான் போன்ற சிறு மின்கலம் தீர்ந்திருக்கலாம். திகதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். மின்கலத்தை மாற்றினால் திரும்ப வராது.

இடி மின்னல் நேரத்தில் ரவுட்டரையும் கணினியையும் செருகியிலிருந்து கழற்றி வைப்பதை மறவாதீர்கள். மின்னல் எரித்ததை எந்த ட்ரைவரும் எழுப்பாது.

சகோதரிகளே!

இவற்றையெல்லாம் மனனம் செய்ய வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தை வெட்டிக் கணினி மேசையில் ஒட்டி வையுங்கள். அதைவிட முக்கியமாக, கணினி நல்ல நிலையில் இருக்கும் இன்றைக்கே அடப்டரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதி, அதற்குரிய ட்ரைவரை ஒரு பென் ட்ரைவில் எடுத்து அலுமாரியில் வைத்துவிடுங்கள். எவரேனும் விண்டோஸைப் புதிதாகப் போட வந்தால், முதலில் குடும்பப் படங்களை வேறொன்றில் சேமித்துக்கொண்டு பிறகு கணினியைக் கொடுங்கள்.

இந்த வேலையைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தயங்காதீர்கள். இது பொம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்கும் உம்மாமாரும் இருக்கிறார்கள். வாப்பா கடல் கடந்து உழைக்கும் வீட்டில், அந்நியர் ஒருவரை உள்ளே அழைக்காமல், பணத்தை வீண்விரயம் செய்யாமல், அமானிதத்தைக் காக்கத் தெரிந்த மகள் ஒரு பெரிய நிஃமத் அல்லவா? அந்த வீட்டு மகளிடம் இப்போது அக்கம்பக்கத்துச் சாச்சிமார் தங்கள் கணினிக்கும் வழி கேட்டு வருகிறார்கள் என்று அறிந்தேன். பாடம் முடிந்த நேரத்தில் தன் உம்மாவோடு போய்ப் பார்த்துக் கொடுக்கிறாளாம். ஸைத் (ரழி) அவர்கள் கற்ற கல்வியும் அவர்களோடு நின்றுவிடவில்லை. சமூகத்துக்குப் பயன்பட்டது.

பயனுள்ள அறிவை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்து, நம் வீடுகளையும் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.